நீதவானுக்கு எத்தனை வாட்

மிச்சம், இலண்டன்
14 நவம்பர் 1993

அவையோரே, ஆன்றோரே, என் முறையீட்டைக் கேட்க எஞ்சியிருக்கும் ஒரே செவியே, தங்கை சிவகௌரி,

முப்பது ஆண்டுகளாக மேடைகளில் முழங்கிய ஒருவனுக்குத் தன் சொந்த வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. இதுவே என் வழக்கு. சாளரத்தோரத்து அந்த மூலையில் நின்றுதான் என் உரைகளைப் பயின்று வந்தேன் என்பதை நீ அறிவாய். சென்ற ஞாயிறு நான் அப்டன் பார்க்கில் கூட்டத்துக்குச் சென்றிருந்த வேளை பார்த்து, நீயும் உன் மச்சாளாகிய என் மனைவி தவமலரும் சேர்ந்து அங்கே ஆளுயர வலைக்கூண்டு ஒன்றை நிறுத்தி, அதற்குள் ஒரு பச்சோந்தியைக் குடியேற்றிவிட்டீர்கள். நான் திரும்பியபோது நீ டண்டி நகருக்குச் செல்லும் தொடர்வண்டியில் இருந்தாய். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நான்கு திங்கள் பயிற்சியாம், விடுதியில் விலங்குக்கு இடமில்லையாம். விளக்கம் கிடைத்தது. ஒப்புதல் எவரிடம் கேட்கப்பட்டது?

நீதவான் என்று நீதிமன்ற நடுவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறாய். வடமொழிப் பெயர்; மன்னிக்கிறேன். உயர்ந்த கொண்டையும் அசையாத முகமும் எவரையும் நம்பாத பார்வையும் கண்டால் பெயரில் பிழை சொல்ல இயலாது. ஆனால் நான் பேசும்போது ஒரு கண்ணை என்மீதும் மறு கண்ணைத் தெருமீதும் வைத்திருக்கிறது. இப்படிக் கேட்கும் அவையை டூட்டிங்கில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

பொங்கலுக்குப் பின் நீ என்னோடு பேசவில்லை. நேற்றும் விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ வரமறுத்ததாக ஒரு பெண் சொன்னாள். ஆதலால் எழுதுகிறேன். அது வெயில் காய்வதற்கென்று நீ மாட்டிச்சென்ற மின்குமிழ் இன்று காலை அணைந்துபோயிற்று. உச்சிக் கிளையில் அமர்ந்து அந்த உயிர் இருண்ட குமிழையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எது வாங்க வேண்டும் என்று எழுது. உன்மேல் எனக்கு வழக்குண்டு, விருந்தினர்மேல் இல்லை.

அம்பலவாணன்

*

டண்டி
18 நவம்பர் 1993

அண்ணைக்கு,

தொலைபேசியில் நீங்கள் மூச்சு விடுகிற இடைவெளியில்கூட அடுத்தவர் பேச ஏலாது. கடிதம் என்றால் எனக்கும் பாதி இடம் கிடைக்கும். எழுதுங்கோ.

என்ன வழக்கு என்று நீங்கள் கேட்கவில்லை; நானே சொல்கிறேன். போன பொங்கல் விழாவில், டூட்டிங் மண்டபத்தில், "பல்லிக்கு மின்விளக்குப் பிடிக்கும் பெண்களும் இந்த மாநகரில் நம் இனத்தில் இருக்கிறார்கள்" என்று ஒலிவாங்கியில் சொன்னீர்கள். மண்டபம் சிரித்தது. சிரித்து முடித்து, நாலாம் வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நன்றியுரை என்னுடையது. பெண்களுக்கு உங்கள் சங்கம் தருவது வரவேற்புரையும் நன்றியுரையும்தானே. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து நானே மேடையேறி நன்றி சொன்னேன். ஒலிவாங்கியில் போன சொல் ஒலிவாங்கியாலேதான் திரும்பி வரவேண்டும். அதுவரை என் பக்கம் மாறாது.

இனி விளக்கு. அறுபது வாட் ஸ்பொட் பல்ப். உட்புறம் வெள்ளி பூசி, ஒளியைக் குவித்து ஒரே இடத்தில் விழுத்துகிற சாதாரண வகை. சிவப்பு, நீலம் ஒன்றும் வேண்டாம். பீங்கான் பிடியில்தான் பூட்டவேணும். பிளாஸ்டிக் என்றால் உருகிப்போகும். கூண்டின் மேல் வலைக்கு வெளியே, உச்சிக் கிளைக்கு நேர் மேலே தொங்கட்டும். பக்கத்தில் இருக்கிற நீளக் குழாய்விளக்கு அவனுடைய எலும்பு உறுதிக்கு, அதைத் தொடாதேயுங்கோ.

அவனுக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது. சூடு கிடைக்காவிட்டால் தின்றதும் செரிக்காது. உங்களுக்குச் சரியென்று படுவதை வாங்காமல் நான் எழுதியதை வாங்குங்கோ. இந்த நாட்டில் என் கையை நம்பி உயிரோடிருக்கிற ஒன்று அவன்தான். இதற்குமேல் நான் கெஞ்சமாட்டேன்.

கௌரி

*

மிச்சம்
28 நவம்பர் 1993

தங்கைக்கு,

வெற்றிச் செய்தியோடு தொடங்குகிறேன்.

உன் அறுபது வாட்டை நான் ஏற்கவில்லை. அறுபது வாட்டில் ஒரு மனிதன் படுக்கையில் கதைப்புத்தகம் படிக்கலாம். கதிரவனுக்கு மாற்றாக ஒன்றை நிறுத்துவதென்றால் அதற்கொரு தகுதி வேண்டாமா? மேடைவிளக்கின் கீழ் முப்பது ஆண்டு நின்றவனுக்கு விளக்கைப் பற்றித் தெரியாதென்று எண்ணிவிட்டாய். சங்கச் செயலாளர் யேசுரட்ணத்திடம் பேசி, மண்டபத்து மேடையில் பயன்படும் நூற்றைம்பது வாட் குமிழ் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினேன். பிடி பீங்கான்தான், அவ்வளவில் உன் சொல்லைக் காத்தேன்.

விளைவைக் கேள். வந்த நாளில் அழுக்குப் பச்சையாகக் கிடந்த உடல், இப்போது பாலில் மஞ்சள் கலந்தாற்போல் வெளுத்து ஒளிர்கிறது. நேற்று யேசுரட்ணமும் மனைவி கத்தரினும் வந்திருந்தார்கள். கத்தரின் கூண்டருகே நின்று, "ஆள் நல்லா வெளுத்திட்டார், என்ன? லண்டன் ஒத்துக்கொண்டிட்டுது," என்றார். "வந்த நேரம் கறுத்து வாடியெல்லே இருந்தவர்," என்று தவமலரும் பெருமைப்பட்டாள். யேசுரட்ணம்கூட, "எனக்குப் பத்து வருசத்தில வராத நிறம் இவருக்கு மூண்டு கிழமையில வந்திட்டுது," என்று பொறாமைப்பட்டார்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. முன்பு தெருவைப் பார்த்திருந்த நீதவான், இன்று என் பொங்கல் உரையின் முன்னோட்டத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை வாய் பிளந்து கேட்டது. மெய்யாகவே வாயைத் திறந்தபடி. நீ விட்டுச்சென்ற வெப்பமானியைக் கூண்டின் தரையில் கிடத்தியிருக்கிறேன், குளிர்ச்சியாகத்தான் காட்டுகிறது. ஆகவே அச்சமில்லை.

மேடையில் சொன்னதை நான் திரும்பப் பெறுவதில்லை. பெற்றதுமில்லை. இருப்பினும் விருந்தினர் நலமாயிருக்கிறார்.

அம்பலவாணன்

*

டண்டி
1 டிசம்பர் 1993

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஓடிப்போய் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து அந்த விளக்கை அணைத்து நூர்க்கச் சொன்னேன். அவ நூர்த்திட்டு வந்து, "இப்ப கீழ் இலைக்குள்ள போய் ஒளிச்சிட்டான்," என்று சொன்ன பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன். காரணம் கேட்பீர்கள். எழுதுகிறேன்.

சூடு தாங்க ஏலாதபோது அவன் வெளுப்பான். மேலே விழுகிற ஒளியை உடம்பில் ஏற்காமல் தள்ளிவிடப் பார்க்கிறான். வாய் பிளந்தது உங்கள் பேச்சுக்காக இல்லை, அண்ணை. உள்ளே இருக்கிற வேக்காட்டை வெளியேற்ற வேறு வழி தெரியாமல் பிளந்திருக்கிறான். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அந்தக் கொண்டை கருகியிருக்கும். வெப்பமானியைத் தரையில் வைத்தால் தரையின் சூடுதான் தெரியும். அவன் முதுகு இருக்கிற உயரத்தில், கிளையில் கட்டுங்கோ.

கத்தரின் அக்காவைக் குறை சொல்லமாட்டேன். நான் எண்பத்தாறில் வந்து இறங்கினபோதும் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பிள்ளை வெளுத்திட்டாள், லண்டன் ஒத்துக்கொண்டிட்டுது. நான் தங்கியிருந்த, ஹீட்டர் இல்லாத மேலறையில் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். கண்ட ஆட்களெல்லாம் நிறத்தை மெச்சினார்கள். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றுகிறவரைக்கும் மெச்சினார்கள். நீங்கள் என்னை மேடையில் எழுப்பி நிறுத்தி, "குளிர்நாடு என் தங்கைக்குப் பொலிவு தந்திருக்கிறது" என்றீர்கள். அன்றைக்கும் கைதட்டினார்கள்.

அறுபது வாட். வேறொன்றும் வேண்டாம்.

கௌரி

*

மிச்சம்
8 டிசம்பர் 1993

கௌரி,

உன் கடிதத்தின் இரண்டாம் பகுதியை மும்முறை படித்தேன். அதற்கு மறுமொழி கடிதத்தில் அடங்காது. இப்போது நீதவானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மேடைக்குமிழை யேசுரட்ணத்திடமே திருப்பிக் கொடுத்தேன். வரும் வழியில், அறுபது வாட்டுக்கு நிகரென்று பெட்டியில் எழுதியிருந்த புதுவகைச் சிக்கனக் குமிழ் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். நீ கேட்ட அறுபதும் ஆயிற்று, மின்சாரமும் மிச்சமாயிற்று என்று நினைத்தேன். மறுநாள் நீதவான் கரியைப் பூசிக்கொண்டாற்போல் கறுத்துவிட்டார். வெட்டுக்கிளியை முன்னால் நீட்டினேன், பார்வை திரும்பவில்லை. உடலைத் தகடுபோல் தட்டையாக்கி, தன் விலாவை விளக்குக்கே விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பின்னும் எழாத ஒருவரைப் போல் அப்படியே இருந்தார்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலத்துக்குள் உயிர் போய்விடும். கூண்டின் முன் நாற்காலியைப் போட்டு அமர்ந்து சிந்தித்தேன். எனக்குத் தெரிந்தது மேடை. குழாய்விளக்கு எரியும் மண்டபங்களில் நான் ஒருநாளும் வியர்த்ததில்லை. பழைய இழைக்குமிழ் எரியும் மேடைகளில் மூன்றாம் சொற்றொடருக்குள் சட்டை நனைந்துவிடும். ஒளி ஒன்றேயாயினும் வியர்வை ஒன்றல்ல. எழுந்து, அவர் முதுகின் உயரத்தில் என் உள்ளங்கையைப் பிடித்தேன். நிலவொளியில் பிடித்தாற்போல் இருந்தது. பெட்டி சொன்ன அறுபது வெளிச்சத்தின் கணக்கு. நீ கேட்ட அறுபது வெப்பம்.

அன்றே மழையில் புறப்பட்டேன். மிச்சம் கடைகளில் கிடைத்தது முறுக்கிப் பூட்டும் வகை. நம் பிடியோ குத்தித் திருப்பும் வகை. டூட்டிங்கில் சிவப்பு மட்டும் இருந்தது. "சாமியறைக்கோ அண்ணை?" என்று கேட்டார்கள். பச்சோந்திக்கு என்றேன். கடையில் நின்ற ஒருவர் சிரித்தார். போன பொங்கலில் நான் சிரிக்கவைத்தவர்களுள் அவரும் ஒருவராக இருக்கலாம். அப்டன் பார்க்கில், கிரீன் வீதியில், ஞானரட்ணம் கடையின் மேல்தட்டில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. அறுபது வாட், வெள்ளி பூசியது, நிறமற்றது, குத்தித் திருப்புவது. கையில் வாங்கியபோது கழுத்தில் மாலை விழுந்த மகிழ்ச்சி.

இப்போது அது எரிகிறது. வெப்பமானி கிளையில் இருக்கிறது. என் உள்ளங்கை இளவெயிலை உணர்கிறது. கரி கலையத் தொடங்கியிருக்கிறது; வருவது வெளுப்பல்ல, பச்சை.

ஆனால் பகலெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார். ஏன்?

அண்ணன்

*

டண்டி
11 டிசம்பர் 1993

அண்ணைக்கு,

விலாவை விரித்தது சூடு தேடித்தான். உள்ளங்கை பிடித்துப் பார்க்க நான் சொல்லித்தரவே இல்லையே. நீங்களாகச் செய்தீர்கள். அந்த இடத்தை என் அறைத்தோழிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினேன்.

பகலில் கண் மூடுகிறான் என்றால் இரவில் தூங்கவில்லை. இரவில் அந்த விளக்கு எரிகிறதோ? எரியக் கூடாது. அவனுக்குக் கும்மிருட்டு வேணும், கொஞ்சம் குளிரும் வேணும். பொழுதுபட்டதும் நூர்க்கவேணும். மச்சாளிடம் கேட்டுப்பாருங்கோ, தொலைபேசியில் இதைக் கேட்டால் அவ பேச்சை மாத்துறா.

கௌரி

*

மிச்சம்
20 டிசம்பர் 1993

அன்புத் தங்கைக்கு,

குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அவள் என் மனைவி.

மாலையில் நான் விளக்கை அணைத்துவிட்டு அப்பால் செல்வேன். திரும்பி வந்தால் எரிந்துகொண்டிருக்கும். கேட்டதும் தவமலர் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"விளக்கு வைக்கிற நேரம் எரியிற லைற்றை நூர்க்கிறதோ? ஆரும் செய்வினமோ?"

"அது நீதவானுடைய விளக்கு. சாமி விளக்கன்று."

"வெளிச்சம் வெளிச்சந்தான். வீட்டில பொழுதுபட நூர்த்துப்போட்டு, பிறகு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? நீங்கள் மேடையில கதையுங்கோ. இது வீடு."

இரவு பிந்தி அணைக்கலாம் என்றால், அவளுக்கு நினைவு வருவதில்லை. நான் கூட்டங்களில் இருப்பேன். இப்படியே விடியும்வரை எரிந்திருக்கிறது.

எத்தனையோ அவைகளை வாதத்தால் வென்றவன் நான். என் சொந்த முன்னறையில் மூன்று மாலை தோற்றேன். பகுத்தறிவு பேசினேன், அவள் வெங்காயம் உரித்தாள். பின்னர் எதிராளியின் நிலத்திலேயே நின்று பேசுவதென்று முடிவு செய்தேன். "தவம், வீடு இருளக் கூடாதென்பதுதானே உன் கவலை? முதலில் நீ சாமிவிளக்கை ஏற்று. அது எரியத் தொடங்கிய பிறகு இது அணையட்டும். வீட்டில் ஒரு நொடியும் வெளிச்சம் இல்லாமற் போகாது."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

அன்று முதல் மாலைதோறும் சாமியறையில் திரி எரிகிறது. அடுத்த கணம் முன்னறையில் குமிழ் அணைகிறது. இப்போது அணைப்பவள் தவமலரே. "நீதவான், படுங்கோ, நேரமாச்சு," என்று மரியாதையோடு சொல்லிவிட்டு அணைக்கிறாள். என்னிடம் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

நேற்று நடந்ததை எழுத என் தமிழ் போதாது, முயல்கிறேன். காலையில் நீதவான் தானாக உச்சிக் கிளைக்கு ஏறி, இளவெயிலில் முதுகைக் காட்டி, பச்சையில் பொன்வரிகள் படரக் கண்விழித்து இருந்தார். நான் உரையைப் பயின்றேன். முடிவுரையின் கடைசிச் சொல்லை எறிந்த அதே கணத்தில், கூண்டின் மறுகோடியில் இருந்த வெட்டுக்கிளிமேல் அவர் நாவை எறிந்தார். சொல்லும் நாவும் ஒருங்கே சென்றன. என்னுடையது யாரைத் தொட்டதென்று தெரியவில்லை. அவருடையது குறி தப்பவில்லை.

அண்ணன்

*

டண்டி
3 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்து வாசித்து, சிரித்துச் சிரித்து ஒரு கண்ணாடித் தட்டை உடைத்துவிட்டேன். மச்சாள் அனுப்பின படத்தில் அவனுடைய பொன்வரி தெரிகிறது. என்னிடம் இருந்தபோதும் இவ்வளவு துலக்கமாக இருந்ததில்லை. மனமார நன்றி.

ஆனால் நன்றி வேறு, நான் கேட்டது வேறு. பொங்கல் விழாவுக்கு வரச்சொல்லி மச்சாள் கேட்கிறா. எனக்கு அந்த நாலாம் வரிசையில் போய் இருக்க மனம் வரவில்லை. நீங்கள் வீட்டுக்குள் மாறினது எனக்குத் தெரியும். மண்டபத்துக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் இன்னும் பல்லிக்கு விளக்குப் பிடிக்கிறவள். இந்த முறையும் என்னிடம் நன்றியுரை கேட்டு யேசுரட்ணம் அண்ணை எழுதியிருக்கிறார். ஏலாது என்று எழுதப்போகிறேன்.

கௌரி

*

மிச்சம்
15 ஜனவரி 1994

ஆன்றோரே, அவையோரே, சிவகௌரியே,

யேசுரட்ணத்துக்கு நீ எழுதியது வந்தது. அதை அவர் தம் வீட்டில் கூடிய செயற்குழுவில் படித்தார். நன்றியுரைக்கு வேறொரு பெண்ணைத் தேட வேண்டும் என்றார். நான் எழுந்தேன்.

"பெண் வேண்டாம். நன்றியுரை நான் சொல்கிறேன்."

"நீர் சிறப்புரையெல்லோ?"

"சிறப்புரை சிவகௌரி."

யேசுரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்பலம், உமக்கு விசரோ? பொம்பிளையளுக்கு ஒரு முறை இருக்குத்தானே. அதோட என்னத்தைப் பற்றிப் பேசுவா? பல்லியைப் பற்றியோ?"

"ஆம். பல்லியைப் பற்றி, அதன் விளக்கைப் பற்றி, அது வெளுத்ததைப் பற்றி. அரை மணி நேரம்."

"சனம் சிரிக்கும்."

"சென்ற ஆண்டு சிரித்தது. நான் சிரிக்கவைத்தேன். இந்த ஆண்டு கேட்கவைக்க அவளால் முடியும், என்னால் முடியாது. அவள் மேடையேறாவிட்டால் நானும் ஏறேன். முப்பது ஆண்டில் முதன்முறையாக உங்கள் விழாவில் என் குரல் இராது."

அப்போது அடுக்களையிலிருந்து தேநீர்த் தட்டோடு கத்தரின் வந்தார். தட்டை வைத்தவர் போகவில்லை. "அவ கதைக்கட்டும்," என்றார். "நானெல்லே அண்டைக்கு வெளுத்திட்டார் எண்டு சந்தோசப்பட்டனான். அந்தப் பிள்ளைக்கும் அப்பிடித்தான் சொன்னனான். ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தபிறகும் எனக்கு விளங்கேல்லை. இப்ப எனக்கு விளங்கவேணும்."

யேசுரட்ணம் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியை மாட்டினார். "சரி. ஆனா அந்தப் பிராணியை மண்டபத்துக்குக் கொண்டுவரப்படாது."

வென்றோம், தங்கையே. அறிவித்தல் அச்சாகிவிட்டது. டூட்டிங்கின் பலசரக்குக் கடைகளிலும், மிச்சத்தில் தெருமுனைக் கடையிலும், கிரீன் வீதியில் ஞானரட்ணத்தின் கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறோம். நானே பசை தடவி ஒட்டினேன். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பார். வரவேற்புரை யேசுரட்ணம். சிறப்புரை "வெளுப்பும் வெப்பமும்", சிவகௌரி. அடியில், சிறிய எழுத்தில், நன்றியுரை அம்பலவாணன்.

மேடையில் நான் சொன்னதை நான் திரும்பப் பெறுவதாக இல்லை. நீயே வந்து எடுத்துக்கொள். அதே ஒலிவாங்கி, அதே மண்டபம், அதே மக்கள். இந்த நகரில் வெளுத்துப்போய், மெச்சப்பட்டு, மேலறைகளில் கிடக்கும் எத்தனை பேர் அந்த வரிசைகளில் இருப்பார்கள் என்று எண்ணிப் பார். எந்த விளக்கு சுடும், எது வெறும் வெளிச்சம், எதை எப்போது அணைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் உன்னைத் தவிர ஆளில்லை. நாலாம் வரிசையில் நான் இருப்பேன். நீ முடித்த பின் எழுந்துவந்து உனக்கு நன்றி சொல்வேன். அந்த மேடையில் இதுவரை எவரும் எனக்குத் தந்திராத நீளமான நன்றி.

நீதவான் நலம். இன்று மூன்று வெட்டுக்கிளிகள்.

விழா இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை. தயங்காதே. நாளை பார்க்கலாம் என்று வைக்காதே. கடிதத்தை மேசையில் போடு, மேலங்கியை மாட்டு, நிலையத்துக்கு நட, வெள்ளி இரவு வண்டிக்கு இப்போதே பயணச்சீட்டை எடு.

உன் அண்ணன்
அம்பலவாணன்